ஆங்கிலத்தின் அன்-, இன்-, டிஸ்-, நான்-: எந்த மறுப்பை எங்கே சேர்ப்பது?

சில வாரங்களுக்கு முன் ஓர் இளைஞரின் வேலை விண்ணப்பக் கடிதத்தைத் திருத்திக்கொண்டிருந்தேன். அதே பதவிக்குப் போன முறை ஏன் விண்ணப்பிக்கவில்லை என்பதை ஒரே வரியில் எழுதியிருந்தார்: ‘ஐ வாஸ் டிஸ்குவாலிஃபைட்.’ அவரிடமே கேட்டேன். “அப்போ என்கிட்ட அந்தப் பட்டம் இல்லைங்க, அதைத்தான் எழுதியிருக்கேன்” என்றார்.

அந்தச் சொல் அதைச் சொல்லவில்லை. படிப்பவருக்கு அது ‘என்னைத் தகுதிநீக்கம் செய்துவிட்டார்கள்’ என்றே படும். தேர்வில் முறைகேடு செய்தாரா, பொய்ச் சான்றிதழ் கொடுத்தாரா என்று யோசிக்கத் தொடங்கிவிடுவார்கள். அவர் எழுத நினைத்தது ‘அன்குவாலிஃபைட்’. அடிச்சொல் ஒன்றுதான். முன்னால் ஒட்டியது மாறியதும், தகுதி பெறாதவர் தகுதி பறிக்கப்பட்டவராகிவிட்டார்.

தமிழில் இந்த இரண்டையும் அவர் ஒருநாளும் குழப்பியிருக்க மாட்டார். தமிழில் மறுப்பு சொல்லின் கடைசியில் நிற்கும்: இல்லாத, அல்லாத, அற்ற, நீங்கிய, ஒழிந்த. ஒவ்வொன்றும் எங்கே பொருந்தும் என்று நமக்குச் சிறுவயதிலேயே தெரியும். ஆங்கிலத்தில் அதே வேலையைச் சொல்லின் தொடக்கம் செய்கிறது. நான் பல வருடங்களாகப் பின்பற்றும் வழி இது: தமிழில் சரியான முடிவு எது என்று முதலில் பார்ப்பேன், பெரும்பாலும் ஆங்கில ஒட்டு அதிலிருந்தே கிடைத்துவிடும். கிடைக்காத இடங்களும் உண்டு. அவற்றையும் மறைக்காமல் சொல்கிறேன்.

## எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது

நான்கு கேள்விகள் போதும்.

ஒன்று, எதை மறுக்கிறோம்? ஒரு தன்மை இல்லை என்கிறோமா, அந்த வகையைச் சேர்ந்ததல்ல என்கிறோமா, இருந்தது போய்விட்டது என்கிறோமா, தவறாக நடந்தது என்கிறோமா? நான்கில் முக்கியமானது இதுதான்.

இரண்டு, குறை சொல்கிறோமா, வெறுமனே வகைப்படுத்துகிறோமா?

மூன்று, அடிச்சொல்லின் வடிவம் என்ன? பெயர்ச்சொல்லா, உரிச்சொல்லா, ‘-ட்’ என்று முடியும் பெயரெச்ச வடிவமா?

நான்கு, அகராதி ஏற்கெனவே முடிவு செய்துவிட்டதா? மற்ற மூன்றும் ஒரு பக்கம் இழுத்தாலும், வழக்கில் நிலைத்துவிட்ட சொல்தான் வெல்லும். ‘இம்பாசிபிள்’ இருக்கும்போது ‘அன்பாசிபிள்’ என்று எழுதினால் எந்தக் காரணமும் காப்பாற்றாது.

## ‘அன்-’: ஆத, இல்லாத, அற்ற

ஆங்கிலத்தின் சொந்தச் சொத்து இது. பழைய ஆங்கிலத்திலிருந்தே இருக்கிறது, அதனால் கைக்கு மிக எளிதாக வரும். ‘-ட்’, ‘-இங்’ என்று முடியும் சொற்களோடு கிட்டத்தட்ட எப்போதும் இதுவே சேரும்: ‘அன்ஆன்சர்ட்’ என்றால் பதில் வராத, ‘அன்எக்ஸ்பெக்டட்’ என்றால் எதிர்பாராத, ‘அன்ஃபினிஷ்ட்’ என்றால் முடிக்கப்படாத. தமிழில் ‘-ஆத’ வந்தால் கை முதலில் இங்கே போகலாம்.

இதில் தெரிந்துகொள்ள வேண்டியது, ‘அன்-’ வெறும் இன்மையோடு நிற்காது என்பது. ‘அன்ஹாப்பி’ என்றால் மகிழ்ச்சி இல்லை என்பதோடு முடிவதில்லை, வருத்தத்தில் இருக்கிறார் என்றே பொருள். ‘வெரி அன்ஹாப்பி’ என்று அளவு கூட்டலாம். அதனால் ஒருவரைப் பற்றி எழுதும்போது இந்த ஒட்டு நாம் நினைப்பதைவிட ஒரு படி கடுமையாக விழும். இன்னொன்றும் கவனியுங்கள். ‘அன்கைண்ட்’ உண்டு, ‘அன்குரூவல்’ கிடையாது. ‘அன்ஹாப்பி’ உண்டு, ‘அன்சாட்’ கிடையாது. நல்ல பொருளுள்ள சொற்களையே இது பெரும்பாலும் தேடிப் பிடிக்கிறது.

மறைந்திருக்கும் சிக்கல்கள் இரண்டு. முதலாவது, உண்மையில் இரண்டு ‘அன்-’கள் இருக்கின்றன. உரிச்சொல்லில் வருவது ‘இல்லை’ என்கிறது. வினைச்சொல்லில் வருவது செய்ததைத் திருப்புகிறது: ‘அன்லாக்’, ‘அன்டை’, ‘அன்டூ’. வரலாற்றில் இவை வேறு வேறு வேர்களிலிருந்து வந்தவை. இரண்டும் ஒரே சொல்லில் மோதும்போது ‘அன்லாக்கபிள்’ போன்றவை பிறக்கின்றன. பூட்டவே முடியாத கதவும் ‘அன்லாக்கபிள்’, பூட்டைத் திறக்கக்கூடிய கதவும் ‘அன்லாக்கபிள்’. கருவிகளின் பயன்பாட்டுக் குறிப்பை மொழிபெயர்ப்பவர்கள் இந்தச் சொல்லைக் கண்டால் நின்று யோசிக்க வேண்டும்.

இரண்டாவது, ‘அன்குவாலிஃபைட்’டே இன்னொரு முகம் காட்டும். ‘குவாலிஃபை’ என்பதற்குத் ‘தகுதி பெறு’ என்பதோடு ‘நிபந்தனையிட்டு மட்டுப்படுத்து’ என்றும் பொருள் உண்டு. அதனால் ‘அன்குவாலிஃபைட் சக்ஸஸ்’ என்பது மாசுமருவற்ற முழு வெற்றி. கணக்குத் தணிக்கையில் ‘அன்குவாலிஃபைட் ஒப்பீனியன்’ என்றால் தணிக்கையாளர் எந்த ஆட்சேபமும் சொல்லவில்லை, கணக்கு சுத்தமாக இருக்கிறது என்று பொருள். இதைத் ‘தகுதியற்ற கருத்து’ என்று பெயர்த்தால் நல்ல நிறுவனம் ஒன்று காகிதத்திலேயே கவிழ்ந்துவிடும். சர்வதேசத் தணிக்கைத் தரநிலைகள் இன்று இதற்கு ‘அன்மாடிஃபைட்’ என்ற சொல்லைப் பயன்படுத்துகின்றன. பழைய சொல்லும் புழக்கத்தில் இருக்கிறது.

## ‘இன்-’ குடும்பம்: முடியாத, இன்மை

லத்தீனிலிருந்து வந்தது. அடுத்து வரும் ஒலிக்கு ஏற்பத் தன் உருவத்தை மாற்றிக்கொள்ளும். ப, ‘பஸ்’ஸில் கேட்கும் அதிர்வுள்ள ப, ம ஆகியவற்றுக்கு முன் ‘இம்-’. ல வந்தால் ‘இல்-’, ர வந்தால் ‘இர்-’. மரம், வேர் சேர்ந்து மரவேர் ஆகும் மொழியில் வளர்ந்த நமக்கு இந்தப் புணர்ச்சி அந்நியமே அல்ல. ‘இம்பாசிபிள்’, ‘இல்லீகல்’, ‘இர்ரெகுலர்’ எல்லாம் ஒரே ஒட்டுதான்.

‘அன்-’ஓடு ஒப்பிட்டால் இதில் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. இது மூடிய வீடு. புதுச் சொல்லுக்கு ‘இன்-’ சேர்த்து நாமே ஒன்றை உருவாக்க முடியாது, ஏற்கெனவே இருப்பதைத்தான் எடுத்தாள முடியும். ஆகவே சந்தேகம் வந்தால் அகராதியைத் திறப்பதைத் தவிர வேறு வழியில்லை.

ஆனால் இங்கே பொன்னான விதி ஒன்று இருக்கிறது. ஒரே அடிச்சொல்லுக்கு உரிச்சொல்லில் ‘அன்-’ வந்தாலும், பெயர்ச்சொல்லில் பல நேரம் ‘இன்-’ வரும். ‘அன்ஸ்டேபிள்’ ஆனால் ‘இன்ஸ்டெபிலிட்டி’. ‘அன்ஈக்வல்’ ஆனால் ‘இன்ஈக்வாலிட்டி’. ‘அன்ஜஸ்ட்’ ஆனால் ‘இன்ஜஸ்டிஸ்’. ‘அனேபிள்’ ஆனால் ‘இனெபிலிட்டி’. ‘அன்கிரேட்ஃபுல்’ ஆனால் ‘இன்கிராட்டிட்யூட்’. தேர்வுத் தாளில் மாணவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். உரிச்சொல்லை மனப்பாடம் செய்துவிட்டு, அதே ஒட்டைப் பெயர்ச்சொல்லுக்கும் மாட்டிவிடுகிறார்கள்.

அடுத்த வேறுபாட்டைத்தான் தமிழர்கள் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும், ஏனென்றால் நம் மொழி இங்கே கைகொடுக்காது. ‘அன்சால்வ்ட்’ என்றால் இதுவரை தீர்க்கப்படவில்லை. ‘இன்சால்யுபிள்’ என்றால் தீர்க்கவே முடியாது. ‘அன்டிவைடட்’ பிரிக்கப்படாதது, ‘இன்டிவிசிபிள்’ பிரிக்க முடியாதது. முதலாவது நடந்ததைச் சொல்கிறது, இரண்டாவது இயலாமையைச் சொல்கிறது. தமிழில் ‘தீராத நோய்’ என்கிறோம். இன்னும் தீரவில்லையா, என்றுமே தீராதா? ‘தீராத’ இரண்டையும் தன்னுள் வைத்திருக்கிறது. ஒரு நோயாளியைப் பற்றிய குறிப்பில் ‘அன்க்யூர்ட்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘இன்க்யூரபிள்’ என்று விழுந்தால், ஒரு குடும்பத்தின் நம்பிக்கையை அந்த ஒரு சொல் எடுத்துக்கொண்டு போய்விடும். ‘-ஆத’ என்று தமிழில் வந்ததும் இங்கே மட்டும் உங்களையே கேளுங்கள்: ஆகவில்லையா, ஆகாதா?

மறைந்திருக்கும் ஆபத்து: ‘இன்-’ எல்லாமே மறுப்பல்ல. ‘உள்ளே, மேலே’ என்ற பொருளுள்ள லத்தீன் ‘இன்-’ ஒன்றும் உண்டு. ‘இன்ஹாபிட்டட்’ என்றால் மக்கள் வாழும் இடம். வாழாத இடம் ‘அன்இன்ஹாபிட்டட்’. இதைவிடக் கொடியது ‘இன்ஃப்ளேமபிள்’. எளிதில் தீப்பற்றக்கூடியது என்பதே அதன் பொருள். ‘தீப்பற்றாது’ என்று யாராவது படித்துவிட்டால் உயிர் போகும். அதனால்தான் அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் 1920-களிலேயே ‘ஃப்ளேமபிள்’ என்று எழுதும்படி வற்புறுத்தத் தொடங்கியது. தீப்பற்றாததற்கு ‘நான்ஃப்ளேமபிள்’. இந்த மூன்றில் ‘இன்ஃப்ளேமபிள்’ஐ எழுதவே எழுதாதீர்கள். அது இலக்கணப்படி சரியான சொல்தான், ஆனாலும் வேண்டாம்.

‘இன்வேல்யுவபிள்’ வேறு வகை. இங்கே ‘இன்-’ மறுப்புதான், ஆனால் மறுப்பது மதிப்பிடும் செயலை. மதிப்பிட முடியாத அளவு உயர்ந்தது. மதிப்பே இல்லாதது ‘வேல்யுலெஸ்’. ‘இன்ஃபமஸ்’ என்றால் புகழில்லாதவர் அல்ல, இழிபுகழ் பெற்றவர்.

சில இடங்களில் ‘அன்’னா ‘இன்’னா என்று கவலைப்படவே தேவையில்லை. 1776-இல் வெளியான அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில், பறிக்க முடியாத உரிமைகளைச் சொல்லுமிடத்தில் ‘அன்ஏலியனபிள்’ என்று இருக்கிறது. ஜெஃபர்சன் எழுதிய வரைவில் ‘இன்ஏலியனபிள்’. வாஷிங்டனில் உள்ள அவருடைய நினைவு மண்டபச் சுவரில் பொறித்திருப்பதும் ‘இன்-’தான். பொருளில் ஒரு மயிரிழை வேறுபாடும் இல்லை. இன்று ‘இன்-’ அதிகம் வழங்குகிறது, அவ்வளவே.

## ‘டிஸ்-’: நீக்கம், இழப்பு, மறுப்பு

‘டிஸ்-’ஸில் ஒரு கதை இருக்கும். முன்பு ஒன்று இருந்தது, பிறகு போயிற்று. ‘அன்யூஸ்ட்’ கட்டடம் இன்னும் யாரும் பயன்படுத்தாதது, சாந்து வாசனை போகாமல் புதிதாகவே இருக்கலாம். ‘டிஸ்யூஸ்ட்’ கட்டடம் ஒருகாலத்தில் ஆள் நடமாட்டத்தோடு இருந்து, இன்று பாழடைந்து கிடப்பது. தமிழில் ‘வழக்கொழிந்த’ என்கிறோமே, அந்த ‘ஒழிந்த’தான் ‘டிஸ்-’. ‘அன்ஆர்ம்ட்’ என்பவர் வெறுங்கையோடு வந்தவர். ‘டிஸார்ம்ட்’ என்பவரிடமிருந்து ஆயுதத்தை யாரோ வாங்கிக்கொண்டார்கள். ‘அன்கலர்ட்’ துணி சாயம் ஏற்றாதது, ‘டிஸ்கலர்ட்’ துணி நிறம் மங்கிக் கறைபட்டது.

‘டிஸ்-’ஸுக்கு இன்னொரு குணமும் உண்டு: முனைப்பான எதிர்ச்செயல். ‘டிஸ்அக்ரீ’, ‘டிஸ்ஒபே’, ‘டிஸ்லைக்’. இதை நம் முன்னோர் நுட்பமாகப் பிடித்திருக்கிறார்கள். 1920-இல் தொடங்கிய ‘நான்-கோஆப்பரேஷன்’ இயக்கத்தை ஒத்துழையாமை என்றும், 1930-இன் ‘சிவில் டிஸ்ஒபீடியன்ஸ்’ஸைச் சட்டமறுப்பு என்றும் தமிழ் ஏற்றுக்கொண்டது. முதலாவதில் கையை விலக்கிக்கொள்கிறோம், அதனால் ‘-ஆமை’. இரண்டாவதில் சட்டத்தை நேருக்கு நேர் மீறுகிறோம், அதனால் ‘மறுப்பு’. ‘கீழ்ப்படியாமை’ என்று சொல்லியிருந்தால் அந்த வேகம் வந்திருக்காது.

தமிழ்ச் சோதனை தோற்கும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். ‘டிஸ்ஹானஸ்ட்’ தமிழில் ‘நேர்மையற்ற’ என்றே வரும், நேர்மை நீங்கியவர் என்று யாரும் சொல்வதில்லை. ‘அற்ற’ வந்ததே என்று ‘அன்ஹானஸ்ட்’ எழுதினால் பிழை. நான்காவது கேள்வியைத் தனியாக வைத்ததற்கு இதுவே காரணம்.

எழுத்துக்கூட்டலில் ஒரு எச்சரிக்கை. ‘டிஸ்ஃபங்ஷன்’ என்பதில் இருப்பது இந்த லத்தீன் ஒட்டு அல்ல, ‘கெட்ட’ என்ற பொருளுள்ள கிரேக்க ஒட்டு. ஆங்கிலத்தில் அதை ‘ஐ’ போடாமல் ‘ஒய்’ எழுத்தால் எழுத வேண்டும். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகத் தெரிவதால் கை தடுமாறும்.

## ‘நான்-’: அல்லாத, சாராத

இல்லை, அல்ல என்ற இரண்டையும் பிரித்துப் பேசும் மொழி நம்முடையது. ‘மனிதர் இல்லாத ஊர்’ வேறு, ‘மனிதர் அல்லாத உயிர்’ வேறு. ‘நான்-’ அந்த ‘அல்லாத’வின் நேர்ச் சொல். வகையைப் பிரிக்கும், தீர்ப்புச் சொல்லாது, அளவு ஏற்காது. குரங்கு ‘நான்ஹியூமன்’, சித்திரவதை செய்பவன் ‘இன்ஹியூமன்’. பொழுதுபோக்காகப் படம் எடுப்பவர் ‘நான்-புரொஃபஷனல்’. பணம் வாங்கிக்கொண்டு சொன்ன நாளில் வராதவர் ‘அன்புரொஃபஷனல்’. முதலாவது ஒரு தகவல், இரண்டாவது புகார்.

சட்டம், அறிவியல், அலுவலகப் படிவம் என்று நடுநிலையாக எழுத வேண்டிய இடமெல்லாம் ‘நான்-’ சிறந்தது. கதையிலும் கடிதத்திலும் அது உயிரற்று நிற்கும். சேர்ப்பதும் மிக எளிது, எந்தச் சொல்லோடும் ஒட்டும். பிரிட்டிஷ் வழக்கில் இடையில் சிறுகோடு போடுவார்கள், அமெரிக்க வழக்கில் பெரும்பாலும் சேர்த்தே எழுதுவார்கள். ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும்.

இதன் மறைமுக விலை மனிதர்களைப் பற்றி எழுதும்போது தெரியும். ஒரு கூட்டத்தை ‘நான்-’ போட்டுக் குறிப்பிட்டால், அவர்கள் யார் என்று சொல்லாமல் யார் அல்ல என்று மட்டும் சொல்கிறோம். அவர்களுக்கென்று ஒரு பெயர் இருந்தால் அதையே எழுதுவது மரியாதை.

## ‘ஏ-’, ‘மிஸ்-’

‘ஏ-’ கிரேக்கத்திலிருந்து வந்தது: அந்தப் பேச்சுக்கே இடமில்லை என்னும் பொருள். ‘இம்மாரல்’ என்பவர் அறம் தெரிந்தும் மீறுபவர். ‘ஏமாரல்’ என்றால் அறத்தின் எல்லைக்கே வெளியே நிற்பது: புயல், கைக்குழந்தை, கணக்குச் சூத்திரம். ‘ஏசோஷியல்’ என்பவர் பழக விரும்பாதவர், ‘ஆன்ட்டிசோஷியல்’ முறையான எழுத்தில் சமூகவிரோதம் வரை போகும். கூச்ச சுபாவமுள்ள பிள்ளையைப் பற்றிய அறிக்கையில் பின்னதைப் போட்டுவிடாதீர்கள்.

‘மிஸ்-’ என்றால் தவறாக. ‘மிஸ்இன்ஃபர்மேஷன்’ தவறான தகவல், பரப்புபவர் நம்பியே பரப்பலாம். ‘டிஸ்இன்ஃபர்மேஷன்’ ஏமாற்றவென்றே தயாரித்துப் பரப்புவது. ஒருவர் அனுப்பிய செய்தியைப் பற்றி இரண்டாவது சொல்லை எழுதினால் அவருடைய நோக்கத்தின்மேல் குற்றம் சாட்டுகிறோம், அதற்குச் சான்று வேண்டும்.

## அதிகம் குழப்பும் இணைகள்

| இணை | முதல் சொல் | இரண்டாம் சொல் |
|---|---|---|
| அன்சாடிஸ்ஃபைட் / டிஸ்சாடிஸ்ஃபைட் | நிறைவேறாத தேவை, அடங்காத பசி | அதிருப்தி அடைந்த ஆள் |
| அன்ஆர்கனைஸ்ட் / டிஸ்ஆர்கனைஸ்ட் | அமைப்புசாரா | ஒழுங்கு குலைந்த |
| மிஸ்பிளேஸ்ட் / டிஸ்பிளேஸ்ட் | எங்கோ வைத்து மறந்த | இருந்த இடத்திலிருந்து பெயர்க்கப்பட்ட |
| நான்-பிராஃபிட் / அன்பிராஃபிட்டபிள் | லாப நோக்கமற்ற | லாபம் தராத |
| இல்லெஜிபிள் / அன்ரீடபிள் | எழுத்தே புரியாத | பெரும்பாலும், படிக்கச் சகிக்காத |
| இன்எடிபிள் / அன்ஈட்டபிள் | உண்ணத் தகாத பொருள் | உணவுதான், ஆனால் வாயில் வைக்க முடியாத |
| டிஸ்ட்ரஸ்ட் / மிஸ்ட்ரஸ்ட் | அவநம்பிக்கை | ஏறத்தாழ அதுவே, எதை எழுதினாலும் சரி |

## தீராத ஒரு வழக்கு

‘அன்இன்ட்ரஸ்டட்’, ‘டிஸ்இன்ட்ரஸ்டட்’ இரண்டையும் அட்டவணையில் அடைக்க மனம் வரவில்லை. பள்ளியில் சொல்லித் தருவது: முதலாவது ஆர்வமற்றவர், இரண்டாவது சொந்த நலன் கலவாதவர், ஒருபால் கோடாதவர். நீதிபதி ‘டிஸ்இன்ட்ரஸ்டட்’ ஆக இருக்க வேண்டும், ‘அன்இன்ட்ரஸ்டட்’ ஆக இருந்தால் வழக்காடுபவர் கதி என்ன? வேறுபாடு அழகானது. ஆனால் 17-ஆம் நூற்றாண்டில் இந்த இரண்டு சொற்களும் ஒன்றின் பொருளில் மற்றொன்று வழங்கியதற்குச் சான்று இருக்கிறது. பிறகு பிரிந்தன, இப்போது மறுபடியும் கலக்கின்றன. இன்றைய அகராதிகள் ‘டிஸ்இன்ட்ரஸ்டட்’டுக்கு இரண்டு பொருளையும் தருகின்றன. நடை வழிகாட்டிகள் பிரித்தே வைக்கச் சொல்கின்றன.

என் முடிவு: ஆர்வமில்லை என்பதற்கு எப்போதும் ‘அன்-’. நடுநிலைக்கு ‘இம்பார்ஷியல்’. எழுதியவருக்கு ஒரு பொருளும் படித்தவருக்கு வேறு பொருளுமாகப் போகும் சொல்லை ஒப்பந்தத்திலோ பரிந்துரைக் கடிதத்திலோ வைக்க எனக்குத் துணிவு வராது. பிறர் எழுதியதைப் படிக்கும்போது மட்டும் இரண்டு பொருளையும் மனத்தில் வைத்துக்கொள்கிறேன்.

## எந்த ஒட்டும் வேண்டாம் என்றால்

இதுவும் ஒரு தேர்வுதான், பலர் இதை எண்ணிப் பார்ப்பதில்லை. ‘நாட்’ என்ற தனிச்சொல் ‘அன்ஹாப்பி’யின் கடுமையைக் குறைக்கும், ‘டிஸ்-’ஸின் கதையைக் கிளப்பாது, ‘இன்-’ போல அகராதியைத் தேட வைக்காது. நடை கொஞ்சம் நீளும், அவ்வளவுதான் செலவு. வேகமாக எழுதும்போதும், படிப்பவர் யாரென்று தெரியாதபோதும் இதையே எடுங்கள்.

அந்த இளைஞரின் வரியை இருவருமாகத் திருத்தினோம். முதலில் ‘அன்குவாலிஃபைட்’ என்று போட்டுப் பார்த்தார். சரியான சொல்தான், ஆனால் தன்னைப் பற்றித் தானே எழுதும்போது நெருடியது. தகுதியே இல்லாதவன் என்று ஒத்துக்கொள்வதுபோல் இருக்கிறது என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு அடித்து எழுதினார்: ‘அட் தட் டைம், ஐ ஹாட் நாட் யெட் ஃபினிஷ்ட் மை டிகிரி.’